முதல் விளக்குக்கு வைத்த பொட்டு

கொக்குவில்
12.03.2025

அன்பு மச்சாள் நிரோசினிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே குளிர் விட்டிருக்கும், மாமாவும் அம்பிகை மாமியும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் எடுக்காமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். வீடியோவில் எடுத்தால் உன் பக்கம் மாமி தலையை நீட்டுவா, என் பக்கம் அம்மா நீட்டுவா. பிறகு ஆருடைய பெட்டைக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள் என்று கதை போய்விடும். இது அலுவல் விசயம். மின்னஞ்சல்தான் சரி.

நாங்கள் செய்கிற, சுவாமித்தட்டில் வைக்கிற விளக்கை நீ படத்தில் பார்த்திருப்பாய். அகல் வடிவம், செங்கல் நிறப் பிளாஸ்ரிக் உடம்பு, உள்ளே எல்.ஈ.டி. கையைக் காட்டினால் எரியும், ஊதினால் அணையும். உங்கள் ஊர் பல்லாறோச் சந்தையில் கடை வைத்திருக்கிற சோதிலிங்கம் அண்ணை தீபாவளிக்குப் பெரிய ஓடர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "தங்கச்சி, இஞ்சை வாடகை வீட்டில நெருப்புக் கொளுத்த விடமாட்டாங்கள். சிஞ்ஞோறா எண்டுற இத்தாலிக்காரி வீட்டில தங்கி வேலை செய்யிற சனம் இப்பிடி ஒண்டைத்தான் தேடித் திரியுது" என்றார். ஆனால் ஐரோப்பாவுக்குள் இறக்குவதென்றால் ஈயம், பாதரசம், கட்மியம் மாதிரி நஞ்சு எதுவும் அளவுக்கு மேல் இல்லை என்று சோதித்த அறிக்கை வேண்டுமாம். நீ வேலை செய்கிற இடத்தில் அதைத்தானே செய்கிறீர்கள்?

மூன்று விளக்கு அனுப்புகிறேன். அதில் ஒன்று நாங்கள் செய்து முடித்த முதல் விளக்கு. "கடல் தாண்டிப் போற முதல் சாமான், சும்மாவோ அனுப்புறது?" என்று அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தா. குங்குமம் உன்னுடையதுதான். வேலைக்களம் திறந்த நாளுக்கு உங்கள் கோயில் திருவிழாவில் வாங்கி அனுப்பினாயே, அந்தப் பெரிய பொதி. அப்படி ஒரு சிவப்பு இங்கே கிடைக்காது. மகள் தருணிகாவுக்கும் காலையில் அதைத்தான் வைக்கிறேன். வேறு வைத்தால் பாலர் பாடசாலைக்குப் போகமாட்டாளாம். நாலு வயதுக்கு இவ்வளவு நடப்பும் பிடிவாதமும்.

என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் உன் பதிலைத்தான் பார்த்திருக்கிறோம். மாமியின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
துஷாந்தி


பலெர்மோ
04.04.2025

மச்சாள் துஷாந்திக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகத்தில் வேலை கூடிவிட்டது, மீன் மணத்தோடு வந்து அப்படியே படுக்கிறார். அம்மாவின் முழங்கால் இருபது வருசமாகச் சிஞ்ஞோறாவின் மாபிளைத் துடைத்த முழங்கால், அது இனி மாறாது. நீங்கள் சுகம் என்று அறிந்தேன். பத்திரிகையிலும் அறிந்தேன்.

ஓம், உன் அம்மா செல்வமலர் மாமி உன் படம் வந்த பக்கத்தை அனுப்ப, அம்மா அதைக் கடையில் அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறா. அந்த இடத்தில் நான் பட்டம் வாங்கிய நாள் தலையில் இலைவளையம் வைத்து எடுத்த படம் இருந்தது. அது இப்போது சுவர்ப்பக்கம் போய்விட்டது. கூட்டுவதற்குத் தும்புத்தடி எடுக்கப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். கோயிலில் பெண்கள் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள்: "ஊரில இருந்துகொண்டே அவள் முதலாளியாயிட்டாள். நீ இவ்வளவு படிச்சும் இன்னும் ஆறு மாச வேலைக் கொன்த்ராத்தோதானோ பிள்ளை?" நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் பொதி வந்தது. திறந்தபோது சந்தனம் உதிர்ந்து, குங்குமம் முதல் விளக்கின் உடம்பெல்லாம் பரவியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தேன், விளக்கின் வரிகளுக்குள் ஏறினது போகவில்லை. செங்கல் நிறத்தில் சால்வோவுக்கு அது தெரியவும் இல்லை. சால்வோ இங்கே கருவி பிடிக்கிறவன். துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பொருளின் மேல் வைத்து அமத்தினால் அதில் என்ன உலோகம் எவ்வளவு என்று காட்டும். விளக்கைக் கையில் எடுத்து, "வடிவா இருக்கு, ஆர் செய்தது?" என்றான். என் மச்சாள் என்றேன். "அப்ப நீயும் இப்படி ஏதாவது செய்யலாமே!" என்றான். பகிடிக்குத்தான்.

முறை இதுதான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்ப்போம். பிளாஸ்ரிக் தனி, பற்றவைத்த சோல்டர் தனி, கம்பியின் உறை தனி. எதிலாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் இருந்தால் முழு விளக்கும் தள்ளுபடி. அறிக்கையை நான்தான் எழுதுவேன். கையெழுத்து இஞ்சினியரினது, என் பெயர் எங்கும் வராது. வரிசையில் உனக்கு முன்னால் பெரிய இடத்துச் சாமான்கள் இருக்கின்றன. காத்திரு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நிரோசினி


கொக்குவில்
09.04.2025

அன்பு மச்சாள்,

உன் கடிதம் பார்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், படத்தின் கதையை விட்டுவிட்டுத்தான். எல்லோரும் சுகம். வருசத்துக்கு முறுக்குச் சுடுகிறோம், வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

படத்தைப் பற்றிக் கோபிக்காதே. அந்தப் பத்திரிகைக்காரன் வந்த அன்று நான் சோல்டர்ப் புகையில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றேன். சீலை மாத்தச் சொன்னதும் அவன்தான். உன் இலைவளையப் படம் வந்த நாள் எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அம்மா என்னைப் பார்த்து, "நீயும் இருக்கிறியே" என்றா. அவ்வளவுதான் சொன்னா. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரிக்குச் சரி.

சோல்டரைப் பற்றிப் பயப்படாதே. ஈயக் கம்பியை நாங்கள் தொடுவதே இல்லை. வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த கம்பிதான், கொழும்பிலிருந்து எடுக்கிறோம். அது பிடிக்கச் சூடு கூட வேணும், வேலை செய்கிற பிள்ளைகள் பழக ஒரு மாதம் போனது. விளக்கின் உடம்பு குருநகர் அந்தோனிமுத்து ஐயா வார்த்துத் தருவது. பழசைக் கலக்காத மனிதன். உடைந்த வாளியை உருக்கி ஊத்துகிற ஆட்கள் இங்கே எவ்வளவு பேர், அவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

தருணியின் படம் அனுப்புகிறேன். நெற்றி முழுக்க உன் குங்குமம். "பலெர்மோ மாமி தந்த பொட்டு" என்று பாடசாலையில் சொல்லித் திரிகிறாளாம்.

பதில் போடு, கெதியில்.

துஷாந்தி


பலெர்மோ
27.05.2025

துஷாந்திக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கேயும் சுகம். வேலை கூட, அதனால் பிந்திவிட்டது.

சோதனை முடிந்தது. சோல்டரில் பிழையில்லை. கம்பியில் பிழையில்லை. விளக்கின் உடம்பில் ஈயம் இருக்கிறது. அளவுக்கு மிக மேலே. அறிக்கை இணைத்திருக்கிறேன், தள்ளுபடி என்று இஞ்சினியர் கையெழுத்து வைத்துவிட்டார். சோதித்தது முதல் விளக்கை. மற்ற இரண்டையும் பார்க்கவில்லை. ஒன்று தவறினால் போதும்.

சோதிலிங்கம் அண்ணையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "எனக்கு உன்ர மச்சாளில கோவமில்லைப் பிள்ளை. ஆனா சாமான் இறக்கிறவன் நான். பிடிபட்டா என்ர கடைக் கதவைத்தான் இழுத்துப் பூட்டுவாங்கள்" என்றார். ஓடரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

இது உனக்கு முதல் அடி. இங்கே எனக்கு ஒவ்வொரு ஆறு மாதமும் இப்படித்தான், யாரோ ஒருவர் ஒரு தாளைப் பார்த்து நான் போதுமா போதாதா என்று சொல்கிறார். பழகிவிடும்.

மாமியைக் கேட்டதாகச் சொல்.

நிரோசினி


கொக்குவில்
29.05.2025

மச்சாள்,

சுகம் விசாரிக்கவும் வாய் வரவில்லை, குறை நினைக்காதே. மாமிக்கு முழங்கால் எப்படி?

உடம்பிலா? சோல்டரில் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், பிள்ளைகள் யாராவது பழைய கம்பியைத் தொட்டிருப்பார்கள் என்று. உடம்பில் எப்படி? அறிக்கையைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். மற்ற இரண்டையும் பாரேன், மச்சாள். ஒரு அமத்துத்தானே. சால்வோவிடம் நான் கேட்டதாகச் சொல்.

நேற்று அந்தோனிமுத்து ஐயாவிடம் போனேன். நான் கதைத்த விதம் சரியில்லை. "என்ன கலந்தனீங்கள்?" என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டுவிட்டேன். அவர் பிளாஸ்ரிக் மணிப் பையைத் தூக்கி வந்து என் காலடியில் கொட்டினார். "இதில எது நஞ்சு எண்டு பொறுக்கிக் காட்டு பார்ப்பம்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இனி அவரிடம் எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பியும் விட்டேன். வேறு என்ன செய்ய? தாள் அப்படிச் சொல்கிறது.

பெண்களை ஒரு கிழமைக்கு வீட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். உடனே எழுது.

துஷாந்தி


பலெர்மோ
02.07.2025

துஷாந்திக்கு,

எல்லோரும் சுகமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. என் ஒப்பந்தத்தை மறுபடி ஆறு மாதம் நீட்டினார்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

மற்ற இரண்டு விளக்கையும் பார்க்க நேரம் இல்லை. கருவி எப்போதும் பெரிய ஆட்களின் சாமானில்தான். ஒன்று சொல்கிறேன் கேள். இந்த ஐரோப்பாக்காரர் தங்கள் வீட்டுக்குள் ஈயம் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே தள்ளுபடியாகிற சாமான் எங்கே போகிறது என்று இஞ்சினியரைக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். எங்கே போகும்? விலை குறைத்து உங்கள் சந்தைக்குத்தான் வரும். இவர்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சியை வேறொரு நாட்டில் ஒரு பெடியன் நெருப்பில் போட்டுச் செம்பு எடுப்பான். நஞ்சு எங்கும் போகவில்லை, ஏழைகளின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் ஒவ்வொரு நாளும் பெயரில்லாத அறிக்கை எழுதுகிறேன். நீ பத்திரிகையில் சிரிக்கிறாய்.

போன ஞாயிறு அம்மா வற்புறுத்தி மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனோம். மணலில் வைத்து அம்மாவின் சிஞ்ஞோறாவைக் கண்டோம். என்னைப் பார்த்து, "ஆகஸ்டில் அம்மா லீவில் போனால் நீ வந்து துடைப்பாயா?" என்று கேட்டா. என் பட்டமளிப்புக்குப் பூங்கொத்து அனுப்பியவ அவதான். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் முன்னால் உன் படம்.

தருணிக்குச் சுகமா? இந்தச் சின்ன வயதில் குங்குமம் எல்லாம் ஏன், வெயிலுக்குத் தோல் பழுதாகும். ஒட்டுப்பொட்டு வாங்கி ஒட்டிவிடு.

நிரோசினி


கொக்குவில்
10.07.2025

மச்சாள்,

சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதுகிறேன். சுகம்.

ஆறு பேரில் இரண்டு பேர் உடுப்புத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் காலையில் வந்து எட்டிப் பார்த்து, "அக்கா, தாள் வந்ததோ?" என்று கேட்கிறார்கள். புதிதாக வார்க்கிற ஒருவனைப் பிடித்தேன், அவன் வார்த்த உடம்பு கை வைக்க உடைகிறது. கொழும்பில் ஒரு ஆய்வுகூடம் இருக்கிறதாம். அங்கே அனுப்பிப் பார்க்கப் போகிறேன்.

நீ எழுதினதை வாசித்தேன். சிஞ்ஞோறாவின் கதையில் எனக்கும் கொதித்தது. ஆனால் ஒன்று சொல்லவா? நீ இருக்கிற ஊரில் இருந்து ஒரு தாள் வந்தால் என் கதவு பூட்டுகிறது. என் ஊரில் இருந்து என்ன போனால் உன் கதவு பூட்டும்? உனக்கென்ன மச்சாள். கையில் பட்டம், பக்கத்தில் கடல், இத்தாலிக் கடவுச்சீட்டு. என் படம் உன் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது உனக்குப் பாரமாக இருந்தால் கிழித்துவிடு, நான் மாமிக்குச் சொல்லமாட்டேன்.

ஒட்டுப்பொட்டு சரிவராது. உரித்து வாய்க்குள் போடுகிறாள், ஒருதரம் தொண்டையில் ஒட்டிவிட்டது. உன் குங்குமம்தான் நல்லது. இப்போது தானே சிமிழைத் திறந்து வைக்கப் பழகிவிட்டாள். விரலைச் சிமிழுக்குள் விடுகிறாள், நெற்றியில் தேய்க்கிறாள், பிறகு விரலை நக்குகிறாள். "அது என்ன தேன்பாணிப் போத்தலோ?" என்று அம்மா கத்துவா. இவள் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டுவாள். பாவம், கொஞ்ச நாளாக வயிற்றுநோ என்று சாப்பாட்டைத் தள்ளுகிறாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்கிறோம்.

துஷாந்தி


பலெர்மோ
11.07.2025

துஷாந்தி,

அந்தக் குங்குமத்தை நிறுத்து. இன்றைக்கே. சிமிழைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தாலும் போதாது, வெளியே கொண்டுபோய்ப் போடு. மிச்சப் பொதியையும். நகத்துக்குள் இருக்கும், வெட்டிச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தலையணை உறையையும் தோய்.

திருவிழாக் கடையில் விற்ற குங்குமத்தில் ஏதோ சாயம் கலந்திருக்கிறதாம், கோயிலில் ஆரோ கதைத்துக்கொண்டு நின்றார்கள். வயிற்றுநோ பூச்சியாக இராது. டொக்டரிடம் கொண்டு போ. இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லு. யாழ்ப்பாணத்தில் செய்யமாட்டார்கள் என்றால் கொழும்புக்கு அனுப்பச் சொல்லு. பிந்தாதே.

பார்த்தவுடன் எனக்குப் பதில் போடு.

நிரோசினி


பலெர்மோ
19.08.2025

துஷாந்தி,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகமா?

அலுவலகம் பூட்டு. ஊரே கடலில் கிடக்கிறது. அம்மா வெறுங்காலோடு சாந்தா ரொசாலியா மலைத் தேவாலயத்துக்கு ஏறி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா, எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டில் என்னோடு கதைப்பது குறைவு. செல்வமலர் மாமி என்ன சொன்னா என்று கேட்டால், "உனக்குத் தெரியாததோ" என்கிறா.

லீவுக்கு முதல் நாள் மற்ற இரண்டு விளக்கையும் பார்த்தேன். இரண்டிலும் ஈயம் இல்லை. புதிய அறிக்கை எழுதி இஞ்சினியரின் மேசையில் வைத்திருக்கிறேன்.

தருணிக்கு இரத்தம் பார்த்தியா? அதை மட்டும் எழுது.

நிரோசினி


கொக்குவில்
21.09.2025

நிரோசினிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

தருணிகாவுக்கு இரத்தம் பார்த்தோம். ஈயம் கூடத்தான். மருந்து ஏற்றுகிற அளவு இல்லை என்று டொக்டர் சொன்னார். சிமிழை நிறுத்தியதால் மெல்ல இறங்கும், மார்கழியில் மறுபடி பார்க்க வேண்டும். இப்போது சாப்பிடுகிறாள். பொட்டு ஏன் இல்லை என்று தினமும் கேட்கிறாள். பலெர்மோ மாமியின் பொட்டு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அந்தோனிமுத்து ஐயா வார்த்த பழைய உடம்போடு விளக்கை அனுப்பினேன். பொட்டு வைக்காத விளக்கு. சுத்தம் என்று வந்துவிட்டது. பிறகு குங்குமப் பொதியின் மிச்சத்தையும் அனுப்பினேன். குப்பையில் போடச் சொன்னீர்கள், நான் போடவில்லை. வாங்க முதலில் மாட்டோம் என்றார்கள், மின்சாரம் ஓடுகிற சாமானுக்குத்தான் அந்தச் சட்டமாம், குங்குமத்துக்கு இல்லையாம். பிள்ளையின் கதையைச் சொன்ன பிறகுதான் அளந்தார்கள். வந்த கணக்கை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

தெரியும் என்று எப்படிச் சொல்கிறேன்? கோயிலில் ஆரோ ஏதோ சாயம் என்று கதைத்ததைக் கேட்டவர், டொக்டரிடம் ஈயம் என்று பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லமாட்டார். அதில் எனக்குத் தட்டியது. அம்பிகை மாமியிடம் அம்மா தொலைபேசியில் எடுத்துக் கதைத்தா. "அதே திருவிழாக் குங்குமம் இருந்த எங்கட வீட்டுச் சிமிழை அவள் ஒருநாள் வேலைக்குக் கொண்டு போனவள். பின்னேரம் வெறுங்கையோட வந்து, அம்மா இனிச் சந்தனம் மட்டும் வையுங்கோ எண்டாள். நான் ரெண்டு நாள் அவளோட கதைக்கேல்லை" என்று மாமி சொன்னா. எப்போது என்று அம்மா கேட்டா. சித்திராப் பறுவப் பௌர்ணமி விரதத்துக்கு அடுத்த கிழமையாம், மே நடுவில். அந்த விரதத்தை மாமி மறக்கமாட்டா, இறந்த தாயை நினைத்துப் பிடிக்கிற விரதம்.

அதற்குப் பிறகுதான் மே கடைசியில் நீங்கள் எனக்கு எழுதினீர்கள், விளக்கின் உடம்பில் ஈயம் என்று. உங்கள் அம்மாவின் நெற்றியை முதலில் துடைத்துவிட்டு, பிறகு எழுதினீர்கள். என் பிள்ளையின் நெற்றியைப் பற்றி எழுத யூலை வந்தது. அவ்வளவு நாளும் அதை என் விரலால்தான் வைத்தேன்.

அந்தோனிமுத்து ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். இரு என்று சொல்லவில்லை. நின்றபடி குடித்தேன். உடம்பு வார்த்துத் தருகிறார். நாலு பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். தீபாவளிக்கு இனி நேரம் போதாது, தைப்பொங்கலுக்குப் பார்ப்பம் என்கிறார் சோதிலிங்கம் அண்ணை. உங்கள் புதிய அறிக்கை எனக்குத் தேவையில்லை, கொழும்புத் தாள் போதும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இத்தாலிக்கு விமானம் ஏறின நாள் நான் அழுதேன் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பா. உண்மைதான். பொறாமையில்தான் அழுதேன். எனக்குப் பதிமூன்று வயது. அந்த விமானம் விழ வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

சோதிலிங்கம் அண்ணைக்கு அனுப்புகிற மாதிரி விளக்குப் பொதிக்குள் உங்கள் பெயர் எழுதி ஒரு விளக்கு வைத்திருக்கிறேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தா. நான் விடவில்லை. அதில் பொட்டு இல்லை. அளந்து பாருங்கள்.

மாமா மாமியைக் கேட்டதாகச் சொல்லவும்.

துஷாந்தி